படியம்மா

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! என் குறும்புகளைப் பொறுத்துப் பொறுத்தே பொறுமைசாலிகளாகிவிட்ட ஆசிரியப் பெருமக்களே! பெரியோர்களே, தாய்மார்களே, கைதட்டவே கடைசி வரிசையில் காத்திருக்கும் என் கூட்டாளிகளே! வணக்கம்!

ஆங்கிலக் கூட்டுச்சொல் ஒன்றின் வேரைத் தேடச் சொன்னார்கள். நான் தேடிய சொல், 'ஸ்டெப்மதர்'.

பெற்றவளை நான் இழந்தபோது எனக்கு ஒன்பது வயது. பதினொன்றில், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர் ஒருவரை அப்பா மணந்தார். ஸ்டெப் என்றால் படிதானே? மாடிப்படியில் காகிதம் ஒட்டினேன்: 'படியம்மா இருப்பிடம்'. அழுவார் என்று பார்த்தேன். அவரோ கீழ்ப்படியில் சாவகாசமாக உட்கார்ந்து, "பேரு வச்சாச்சு, எடமும் குடுத்தாச்சு. இப்ப படியம்மா சொல்றேன்... படி!" என்று கணக்குப் புத்தகத்தை நீட்டினார். சிரிக்கிறீர்களா? அன்று சிரிக்காதவன் நான் ஒருவன்தான்!

"சித்தின்னு கூப்பிடுடா" என்றார் அப்பா.

"விடுங்க, வாயில தானா வரட்டும்" என்றார் அவர்.

வரவில்லையே! நான்கு ஆண்டுகள் 'இங்க பாருங்க' என்றே காலம் தள்ளினேன்.

சென்ற வாரம் இந்தப் போட்டிக்கான படிவத்தில் பெற்றோர் பகுதியை அவர் நிரப்பினார். 'உறவு' என்ற இடத்தில் அவர் பேனா நின்றது.

"என்னன்னு எழுதட்டும்பா?"

"ஸ்டெப்மதர்னே போடுங்க. அதானே உண்மை?"

எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினார். எழுதி முடித்தும் பேனாவை மூடவில்லை.

அந்தத் திறந்த பேனாதான் என்னை அகராதிக்குள் தள்ளியது. அவையோரே, அந்த ஸ்டெப் படியே அல்ல! பழைய ஆங்கிலத்தில் அது 'ஸ்டேஒப்'. பழைய ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல்லுக்கு, 'இழக்கச் செய்தல்' என்று பொருள். பெற்றோரை இழந்த பிள்ளைக்கு உரிய ஒட்டு அது; அந்தப் பிள்ளைக்குத் தாயாக வந்தவரோடும் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் இழந்தவன் யார்? நான்! இழப்பு யாருடையது? என்னுடையது! அதைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்து வந்தவர் யார்? அவர்!

அம்மா என்ற சொல்லுக்கு வீட்டில் ஒரே நாற்காலி என்று பயந்திருந்தேன். இன்னொருவர் உட்கார்ந்தால் போனவள் எங்கே போவாள்? எங்கும் போகமாட்டாள் என்கிறது இந்தச் சொல். போனவளுக்கும் இதில் இடமுண்டு, வந்தவருக்கும் இடமுண்டு!

தலைவர் அவர்களே, மணியைக் கொஞ்சம் மறந்திருங்கள். வாசலோரம் வேலைச் சீருடையோடு ஒருவர் நிற்கிறாரே... இங்க பாருங்க, வெளியே போகாதீங்க! கண்ணை இங்கயே தொடைச்சுக்கலாம். உள்ள வாங்க.

உள்ள வாம்மா.

ஐந்து நிமிடம் என்னைப் பொறுத்த அவைக்கு நன்றி. நான்கு ஆண்டுகள் பொறுத்த என் அம்மாவுக்கு வணக்கம்!