சலவைக்கூடத்து அக்காவின் பெயர்

அரை மணி நேரமாகக் கடிகாரத்தையே பார்த்தபடி அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, மாப்பிள்ளையின் பெரியப்பா அவர்களே, பெயர் தேர்வுக் குழுவின் பெருந்தலைவர் அவர்களே! பதறாதீர்கள், மூவரும் ஒருவர்தான். பெயர்சூட்டு விழாவுக்கு வந்திருக்கும் முன்வரிசைப் பெரியோர்களே, முணுமுணுப்பில் முதன்மை பெற்ற மாமாக்களே, பிள்ளை பெற்ற வலி அறிந்த தாய்மார்களே, வணக்கம்!

என் தங்கை மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. பல் முளைத்துவிட்டது, பெயர்தான் முளைக்கவில்லை. ஏன்? பதினொரு பேர் கொண்ட குழு பரிசீலித்துக்கொண்டிருக்கிறது! பெற்றவளுக்கு மட்டும் அந்தக் குழுவில் இடமில்லை. அடடா, எப்பேர்ப்பட்ட நீதி! எப்பேர்ப்பட்ட நிர்வாகம்!

அவள் கேட்டது ஒரே ஒரு பழைய பெயர். கொதித்துவிட்டது குழு. "அய்யே, கிழவி பேரு! பள்ளிக்கூடத்துல கேலி பண்ணியே புள்ளைய அழ வெச்சிடுவாங்க" என்றார் குழந்தையின் அத்தை. "உலகத்துல யாருக்குமே இல்லாத பேரா வைப்போம்" என்று கைப்பேசியைத் துழாவினார் தலைவர். கிடைத்தது ஒரு பெயர். சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வந்துவிடும். அர்த்தம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குப்பா? ஸ்டைலா இருக்குல்ல?" என்றார்.

போன வாரம் தடுப்பூசி போடப் போனோம். அந்தப் பெயரைத்தான் தலைவர் டோக்கனில் எழுதிக் கொடுத்தார். ஒப்பற்ற, உவமையற்ற, உலகில் எவருக்கும் இல்லாத அந்தப் பெயரை நர்ஸ் உரக்கக் கூப்பிட்டார். மூன்று தாய்மார்கள் எழுந்தார்கள்! என் தங்கை எழவில்லை. அது தன் பிள்ளையின் பெயர் என்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

யாருங்க அங்க சிரிக்கிறது? நல்லா சிரிங்க, தலைவர் கோவிச்சுக்க மாட்டார். ஏற்கெனவே கோவிச்சுட்டார்.

சரி, அந்தக் 'கிழவி பெயர்' யாருடையது? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள் என் தங்கை. நிறைமாதத்திலும் மடித்தாள். அங்கேயே வலி எடுத்தது. லிஃப்ட் ஓடவில்லை. அப்போது குழு எங்கே? மாப்பிள்ளை எங்கே? மேடையில் முழங்கும் நான்தான் எங்கே? பக்கத்தில் இருந்தவர், அவளோடு வேலை செய்யும் ஓர் அக்கா மட்டுமே. துணி வண்டியில் அவளைத் தூக்கிக் கிடத்தி, "வழி விடுங்க! புள்ளத்தாச்சி வர்றா!" என்று கத்தியபடி, சரிவுப் பாதையில் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு பிரசவ அறையில் சேர்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா ரெண்டு பேரையும் பாத்திருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர்.

முப்பது ஆண்டாக அங்கே எல்லோருக்கும் அவர் வெறும் 'அக்கா'. பெயரைக் கேட்டதற்கே என் தங்கையிடம் கூச்சப்பட்டார். "அது எனக்கே புடிக்காது கண்ணு. புள்ளைக்கு நல்ல பேரா வை" என்றாராம்.

பெரியோர்களே! அந்தப் பெயருக்கு வயதாகிவிட்டது என்கிறீர்களே, அந்தப் பெயருக்கு உரியவர் இல்லாதிருந்தால் நம் பிள்ளைக்கு ஒரு நாள் வயதாவது ஆகியிருக்குமா? வெட்கமாக இல்லையா நமக்கு? எனக்கு இருக்கிறது. குழுவில் நானும் ஓர் உறுப்பினன்!

தலைவர் ஓர் உறையைக் கொடுத்து, உள்ளே உள்ள பெயரை அறிவிக்கத்தான் என்னை மேடையேற்றினார். அது என் பையிலேயே இருக்கட்டும். தங்கையும் மாப்பிள்ளையும் காலையிலேயே பதிவு அலுவலகம் போய், அக்காவின் பெயரையே எழுதிவிட்டு வந்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம் இது. என்ன தலைவரே, இறங்கச் சொல்றீங்களா? இதோ, இறங்கிட்டேன்.

பொறுமை காத்த அவைக்கு நன்றி, பொறுமை இழந்த குழுவுக்கும் நன்றி, அனைவருக்கும் வணக்கம்!

அக்கா! கடைசி வரிசையில கதவுகிட்ட உக்காந்திருக்கிற அக்கா! எதுக்கு எழுந்து ஓடறீங்க? மேல வாங்க. மைக்கப் புடிங்க. நம்ம பாப்பா பேரு என்னன்னு நீங்களே சொல்லுங்க.