துணி கட்டிய சுரைக்காய்

அறுப்பின் பண்டிகைக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே! காத்தோங்கிலிருந்து பேருந்து மாறி ஃபேரர் பார்க் வரை வந்திருக்கும் பெரியோர்களே! பிரியாணிச் சட்டியைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு, பாதி மனத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தச் சட்டியின் மணத்தில் மீதி மனத்தையும் பறிகொடுத்த வாலிபர்களே! தோட்டக்காரன் இயேசுதாசனின் அன்பு வணக்கம்.

மண்வெட்டி பிடித்த கைக்கு ஒலிபெருக்கி பிடிக்க வராது. நான் படித்த பள்ளிக்கூடம் பிடோக்கில் இருக்கும் என் அரை ஏக்கர் தோட்டம்தான். அங்கே பாத்தி எனக்குப் பாடம் நடத்தும்; பந்தல் எனக்குப் பிரசங்கம் செய்யும். நான்தான் மக்கு மாணவன்!

என் மனைவி ரூபி இன்னும் கடலுக்கு அப்பால் சொந்த ஊரிலேதான் இருக்கிறாள். எட்டு ஆண்டுகள்! அவளை இங்கே அழைத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு மூன்று முறை மனுப் போட்டேன். மூன்று முறையும் முடியாது என்றே பதில் வந்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன், கப்பலேறி வந்த ஒருவரிடம் பத்துச் சுரை விதைகளைப் பழைய சேலைத் துணியில் முடிந்து அனுப்பினாள். ஒன்றுதான் முளைத்தது. அதில் காய்த்த முதல் காயை விதைக்கு விட்டேன். யாரும் பறித்துவிடக் கூடாதே என்று அந்தச் சேலைத் துணியையே காம்பில் கட்டினேன்.

நம் சபையில் என்ன வழக்கம்? ஆண்டவருக்கு என்று நேர்ந்த காயில் துணி கட்டுவோமா இல்லையா? போன பண்டிகைக்குக் காய்கறி சேகரிக்க நம் பெர்னார்ட் லாரியோடு வந்தார். நான் சந்தைக்குப் போயிருந்தேன். கண்டார் துணியை, சொன்னார் தோத்திரம், வைத்தார் கத்தியை!

“விதைக்கு விட்ட காயை அறுத்துட்டியேய்யா!” என்று கத்தினேன்.

“துணி கட்டியிருந்துச்சு லா அண்ணே. ஆண்டவருக்குன்னு நெனச்சேன்.”

சிரியுங்கள், சிரியுங்கள். முன்வரிசையில் பெர்னார்டே சிரிக்கிறார்! அன்று நான் சிரிக்கவில்லை. பிஞ்சிலே அறுத்தால் விதை முற்றுமா? முற்றாத விதை முளைக்குமா? அடுத்த வார மழையில் கொடியும் அழுகிப்போயிற்று. ஆண்டவர்மேலேயே கோபித்துக்கொண்டு நாலு மாதம் ஆராதனைக்கு வராமல் இருந்தேன். விதை போயிற்று, இன்னும் பத்து அனுப்பு என்று ரூபிக்கு எழுதினேன்.

அவள் பதில் எழுதினாள்: “விதை இருக்கு. அனுப்ப மாட்டேன். நான் வரும்போது என் கையாலயே கொண்டு வர்றேன். நீங்க மண்ணக் கொத்தி வைங்க.”

கொத்தினேன், ஐயா! விதையில்லாத பாத்திக்கு எரு போட்டேன். பக்கத்துத் தோட்டத்துச் சீனர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த எருக்கூடையை என்னோடு சுமந்தது யார் தெரியுமா? இதே பெர்னார்ட்! ஆமாம், கை தட்டுங்கள், அவருக்குத் தட்டுங்கள்.

விதை கைக்கு வந்தபின் மண்ணைக் கொத்துகிறவன் விவசாயி. விதை கடலுக்கு அப்பால் இருக்கும்போதே கொத்துகிறவன் விசுவாசி! காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? கண்ணீரைத் துடைத்துக்கொண்டு களை பறிப்பது அல்லவா! எனக்கும் சில நாட்கள் கை ஓடவில்லை. அவள் குரல் எப்படியிருக்கும் என்பதே சில வேளை மறந்துபோகிறது. அப்போது பயமாக இருக்கிறது.

நாளை மறுநாள் நான்காவது மனுவைக் கொடுக்கப் போகிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த எட்டு ஆண்டுகளில் இந்த ஊரில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் நான் ஒருவன்தான். அதுவும் ஆளில்லாத வீட்டில். எல்லோரும் ஒருமுறை, ஜெபமாகச் சொல்லுங்கள்: ரூபி!

இன்னும் சத்தமாக, தாய்மார்களே!

காதாரக் கேட்டேன். போதும். இந்த ஊருக்கு அவள் பெயர் வந்துவிட்டது. இனி அவள்தான் வர வேண்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோருக்கும் தோத்திரம்.