முந்நூறு வருஷத் தவம்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்து. மடியில் மகள், கையில் போன். பக்கத்து சீட்டில் இரண்டு இளைஞர்கள்.

"முந்நூறு வருஷம் குகையில உக்காந்துனு இருந்தான்டா, ஒரு வாய் சோறு தின்னல."

நான் போனை மறந்து காது கொடுத்தேன்.

"யார்றா?"

"போன்ல படிக்கிறேனே, சீனக் கதை, அதுல வர்ற ஹீரோ. ஒண்ணுத்துக்கும் ஆவாதவன், தவம் பண்ணிப் பண்ணியே மலையைத் தூக்குறான். படிப்படியா ஏர்றான் பாரு, கீழ வெக்கவே முடியாது மச்சி."

"கொறையே இல்லியா?"

"இருக்கு. வெளிய வர்றதுக்குள்ள அவன் அம்மா செத்துப் போவுது. அதுக்கு ஒரே வரி. அடுத்த வரியில சண்டைக்குப் போய்ட்டான்."

"கல்நெஞ்சன்."

கதை சொன்னவன் குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து அந்த எடத்தைப் படிக்கும்போதுதான் நைனா போன் பண்ணாரு, படகைக் கரையேத்த வாடான்னு சொல்ல. கட் பண்ணிட்டேன்டா. தனியாத் தள்ளி, அவருக்குத் தோள் எறங்கிப் போச்சு."

முன்சீட்டில், கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தவர் திரும்பினார்.

"வெளிய வந்து இன்னா பண்ணான் மவனே? மிச்சத்தையும் சொல்லு."

அவன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான்.

என் மகள் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாளோ, எனக்குத் தெரியவில்லை.