ரெண்டாம் தொட்டித் தண்ணி

…கால்ல உறை மாட்டிக்கிட்டுதானே வந்தீங்க தம்பி? குத்தம் சொல்லல. இப்பத்தான் துடைச்சேன், அதான். இந்தக் குளிர் ரூம்ல தரை ஒரு தடவ ஈரமாச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் காயாது. நீங்க பாட்டுக்கு உங்க மீட்டரப் பாருங்க, நான் ஓரமா துடைச்சுக்கிட்டே பேசுறேன். எனக்கு வாய் ஓடினாத்தான் கை ஓடும். எங்க வீட்டுக்காரரு காது ரெண்டுலயும் பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் பேப்பர் படிப்பாரு.

மூணாவது தடவையா வர்றீங்க, இந்த ஒரே மாசத்துல? பாவம். மீட்டர மாத்தினீங்க, ஒயர மாத்தினீங்க, அது திரும்பவும் ரெண்டாம் தொட்டி புளிக்குதுன்னே காட்டுது. உங்க ஆபீசுல உங்களத்தான் திட்டுவாங்க… என்னது? ஆமா, அப்படித்தான் இருக்கும். எல்லா இடத்துலயும் வந்து நிக்கிறவன் தலையிலதானே விடியும்.

இந்தச் செடி… செடின்னு சொன்னா அந்த ஆராய்ச்சிப் பொண்ணுக்குக் கோவம் வரும். உசுரு அதுக, பவளம். வெளிச்சமே போகாத கடல் ஆழத்துல, பச்சத் தண்ணிக் குளிர்ல இருக்கிறதுக. வருஷம் பூரா வளந்தா நகம் வெட்டிப் போடுற அளவுதான் வளருமாம். என் சின்னப் பையன் பரிச்ச எழுதிப் பாஸ் பண்றத விட மெதுவு. தண்ணியில இருக்கிற சுண்ணாம்ப எடுத்து எடுத்துத்தான் வீடு கட்டுதுக. நான் எட்டாவதோட நின்னவ, எனக்கே புரியுற மாதிரி அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. நாம விடுற புகையெல்லாம் கடல்ல கரையுது, தண்ணி கொஞ்சம் கொஞ்சமாப் புளிக்குது, புளிச்சா வீடு கட்ட முடியாது. அது மட்டுமா, கீழ இருக்கிற பழைய செத்த கிளை இருக்கே, அது உளுத்துப்போயி மேல இருக்கிற உசுரோட சாஞ்சுரும். எங்க அத்தைக்கு இடுப்பெலும்பு போன மாதிரின்னு வச்சுக்கங்க.

நாலு தொட்டி இருக்கா? மூணுலயும் நாலுலயும் சோடாவுல அடைக்கிற காத்த விடுறாங்க, வேணும்னே புளிக்க வைக்க. ஒண்ணும் ரெண்டும் நல்ல தண்ணி. நல்லதையும் கெட்டதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணுமாம். ரெண்டு வருஷமாப் பாக்குது அந்தப் பொண்ணு. ஒரு லீவு எடுக்கல. தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டு மறுநாளே மருதாணிக் கையோட வந்து நின்னுச்சு.

அது முந்தாநாள் என் தொடப்பக் கட்டை வைக்கிற ரூம்ல வந்து உக்காந்து அழுதுச்சு தம்பி. நல்ல தொட்டியிலயும் கிளை பொடியுதாம். அப்ப மத்த தொட்டியில பொடிஞ்சது எதனாலன்னு எப்படிச் சொல்றது, ரெண்டு வருஷமும் போச்சுன்னு. நான் வாளியக் கவுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொன்னேன். நான். ஆறுதல்.

…இருங்க, அந்தக் காகிதத்துல என்ன எழுதுறீங்க? மீட்டர் கோளாறுன்னா? கையெழுத்துப் போட்டாச்சா? போடாதீங்க. ஒரு நிமிஷம் இருங்க.

எனக்கு ஒரு வியாதி இருக்கு, சுத்த வியாதி. எங்க வீட்டுக்காரரோட வாட்ச சோப்புப் போட்டுக் கழுவினவ நான். சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவ போனப்பவே அவங்க அடுப்பத் தேச்சுக் குடுத்து, சம்பந்தியம்மா ஆறு மாசம் பேசல. அந்த ரெண்டாம் தொட்டி இருக்கே, கதவத் திறந்ததும் கண்ணுல படுறது அதுதான். விளிம்புல, உள்பக்கக் கண்ணாடியில, வெள்ள வெள்ளையா உப்பும் கறையுமாப் படிஞ்சு கிடந்துச்சு. பெரிய பெரிய ஆளுங்க வந்து பாக்குறாங்க, ‘கூட்டிப் பெருக்குறவ என்ன பண்றா’ன்னு நெனைப்பாங்கல்ல? துணிய வச்சுத் தேச்சா போகல. வீட்டுலேருந்து வினிகர் கொண்டாந்தேன். தினமும் காலையில, யாரும் வர்றதுக்கு முன்னாடி. நல்லாத் தாராளமா ஊத்தித்தான் தேச்சேன், எங்கிட்ட எதுலயும் கஞ்சத்தனம் கிடையாது. வழிஞ்சது எல்லாம் உள்ளதான் போச்சு. இருவத்திரெண்டு நாள். சமையல்கட்டுத் தொட்டி அளவு தண்ணிதானே அது, புளிக்காம என்ன செய்யும்.

நேத்து சாயங்காலம் மருமக வீட்டுக் கெட்டில்ல அதே வினிகர ஊத்தினேன். அடியில படிஞ்ச சுண்ணாம்பு நுரைச்சுக்கிட்டு அப்படியே கரையுது. பாத்துக்கிட்டே நின்னேன். மருமக ‘ஏன் அத்தே முகம் இப்படி ஆயிருச்சு’ங்குறா.

உங்க மீட்டர் மூணு தடவையும் உண்மையத்தான் சொல்லுது தம்பி. பொய்யின்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் தப்பிச்சேன், வேலையும் இருக்கும். ஆனா அந்தப் பொண்ணு நல்ல தண்ணின்னு நம்பித்தானே கணக்குப் போடும். வினிகர்னு தெரிஞ்சா இந்த ஒரு தொட்டிய, இந்த இருவத்திரெண்டு நாள விட்டுட்டு, ஒண்ணாம் தொட்டிய வச்சு மிச்சத்தக் காப்பாத்திக்கும். படிச்ச பொண்ணு, வழி தெரியும்.

நேத்து ராத்திரியிலேருந்து சொல்லணும் சொல்லணும்னு, கடைசியில யாருகிட்ட சொல்லியிருக்கேன் பாருங்க. மீட்டர் ரிப்பேர்காரருகிட்ட.

அதோ, கதவு வரைக்கும் வந்துருச்சு அந்தப் பொண்ணு. பைய எடுக்காதீங்க தம்பி, போயிராதீங்க. பக்கத்துல நில்லுங்க. நான் பாட்டுக்கு எங்க வீட்டுக் கதைய ஆரம்பிச்சேன்னா, ஒரு இருமல் இருமுங்க.

வாங்க மேடம். இல்ல மேடம், மீட்டர் சரியாத்தான் இருக்கு.