கேள்விக்குறியாக வந்த மெயில்கள்

நானுஓயாவில் ஏறிய அக்காவும் தம்பியும் ரயிலில் எனக்கெதிரே உட்கார்ந்தார்கள். தம்பியின் கையில் அச்சடித்த தாள்கள்.

“அக்கா, அத்தான் கத்தார்லருந்து போட்ட மெயில் பூரா கேள்விக்குறியா வந்திருச்சு.”

“ஏன்டா?”

“எங்க ஆபீஸ்ல கறுப்பு ஸ்கிரீன்ல கமாண்ட் அடிச்சுத்தான் மெயில் பாப்போம். அதுலருந்தே பிரிண்ட் குடுத்தேன். ஸ்கிரீன்ல தெரிஞ்ச தமிழ் எழுத்து தாள்ல விழல. நான் பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன். வேலைய விட்டதும் என் அக்கவுண்ட மூடிட்டாங்க.”

“அவருதான் செத்துட்டாரு, எழுத்தாவது இருக்கும்னு நெனச்சேன். சரி, நீதானே வாசிச்சுக் காட்டுவ. ஞாபகம் இருக்கிறதச் சொல்லு.”

தலவாக்கலை தாண்டும்போது அவன் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தான்.

“அங்க குளிருமே, அக்காவ ஸ்வெட்டர் போடச் சொல்லுன்னு ஒவ்வொண்ணுலயும் எழுதுவாரு.”

“அத நீ வாசிச்சதே இல்லையேடா.”

“எனக்குக் கூச்சமா இருந்துச்சுக்கா.”