வாலைச் சுருட்டு

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பர்மா மண்ணில் இந்தத் தன்லி ஊரின் தெருவெல்லாம் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்கு என் வணக்கமும் ஸலாமும்.

காற்றாடியார் என்றும், பர்மிய மரியாதையில் 'ஊ' சேர்த்தும் நாம் அழைத்த ஊ பர்கத்துல்லா போய்விட்டார். எப்படிச் சொல்வேன்? மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத இந்த ஊரில், மின்சாரமே இல்லாமல் காற்றாடி நிறுத்தி நம் தெருவுக்குக் கிணற்று நீரை மேலே ஏற்றித் தந்தவர் போய்விட்டார்.

காற்றாடிப் பேச்சை எடுத்தால் பாரசீகத்தில்தான் தொடங்குவார். நம்மில் யார் தப்பினோம்? அங்கே நாணல் பாய்கள் செங்குத்தாக நின்று சுழன்று மாவரைத்தனவாம். ஐரோப்பாவில் காற்று திசை மாறினால் ஆலையையே ஆட்கள் தள்ளித் திருப்பினார்களாம். பிற்பாடு நீரிறைக்கும் காற்றாடிக்கு ஒரு வால் வந்தது. அந்த வால் சக்கரத்தைத் தானாகவே காற்றுக்கு எதிரே திருப்பும். சக்கரம் சுற்றினால் தண்டு ஏறி இறங்கும், நீர் மேலே வரும். புயல் வந்தால் சங்கிலியை இழுத்து வாலை மடக்க வேண்டும். சக்கரம் பக்கவாட்டில் திரும்பிப் பிழைத்துக்கொள்ளும். அதற்கு அவர் வைத்த பெயர் வாலைச் சுருட்டுவது. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

சென்ற வாரம் மருத்துவமனையில் மூச்சுத் திணறிக் கிடந்தவர், ஜன்னல் அடித்துக்கொள்வதைக் கேட்டு, மகள் லத்தீபாவிடம் போனை வாங்கினார். வீட்டிலிருந்த மருமகன் இக்பாலிடம், "வாலச் சுருட்டு" என்றார். அதற்குமேல் பேச மூச்சில்லை.

இக்பால் ஆற்றுக்கு அக்கரை நகரத்தில், பசுந்தாங்கில், பர்மிய மொழி பேசி வளர்ந்தவர். கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி, அவர் அம்மா திட்டிய தமிழ். "சரி மாமா, இனிமே ஒழுங்கா இருக்கேன்" என்றார். காற்று வந்தது. சக்கரம் பிய்ந்து விழுந்தது, தண்டு வளைந்தது. மறுநாள் பெரியவரும் போனார்.

இக்பால் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று நாம் பேசுகிறோம். அவரோ அடக்கம் முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "அண்ணே, மாமா கடைசியா ஏன் என்னய ஏசுனாங்க?" ஏசவில்லை என்று நான் சொன்னால் காற்றாடி போனது அவரால் என்றாகும். ஏசினார் என்றால் மாமனாரின் கடைசிச் சொல் வசவாகிவிடும்.

தம்பி இக்பால், அவர் உங்களை ஏசவில்லை. அத்தனை பேர் இருக்க, உங்களை நம்பித்தான் சொன்னார்.

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று நான் சூளுரைக்க வேண்டிய இடம் இது. எந்த வாயால் சூளுரைப்பேன்? அதைத் திரும்ப நிறுத்த நமக்கு ஆளும் இல்லை, சாமானும் கிடைப்பதில்லை. நாளைக் காலையில் வாளியும் கயிறுமாகக் கிணற்றடியில் நிற்கப்போகிறோம். அங்கே இக்பாலும் வருவார். அவரை ஒரு சொல் சொல்ல மாட்டோம் என்று உறுதி எடுப்போம். அது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.