மகாராணிச் சட்டைக்குத் துணி எடுத்தது

வெல்வெற்றைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர்களுக்குத் துணி தெரியாது. தூக்கிப் பார்க்கவேணும். தங்கச்சி, இதையும் பொலிசுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ. பிறகு கிழவன் மறைத்துப்போட்டான் என்பார்கள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஜெர்மனிக்கு வந்து இந்த வுப்பர்டாலில் உடுப்புத் திருத்துகிற கடையில் கால்சட்டைக்குக் கரை மடித்தே வயது போனது. மனுசி செத்த பிறகு மகள் சுபானியை நான்தான் வளர்த்தேன். அவளுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கட ஆக்கள் இப்ப தாலி கட்ட முதலே படம் எடுக்கிறார்களே, அதற்கு அவளுக்கு ரியூடர் காலத்து இங்கிலாந்து மகாராணியின் சட்டை வேணுமாம். ஏரிக்குள் நீட்டியிருக்கிற பலகைத் துறையில் நின்று எடுக்கிற படம். நான் தைத்துத் தாறன் என்றேன்.

மாப்பிள்ளை வசந்த்குமார். மதுரைப் பக்கம், டிரெஸ்டனில் கொம்பியூட்டர் வேலை. நல்ல பொடியன் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"சுபானிக்காக உயிரையே குடுப்பேன் அங்கிள்" என்றான் ஒருநாள், என் வீட்டில் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டு. வாயால் சொல்ல எவனுக்கும் ஏலும்.

துணிச்சந்தையில் அவள் மெல்லிய பொலியெஸ்ரர் வெல்வெற் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, இது பாரமே இல்லை."

"அது யன்னல் சீலை, பிள்ளை. மகாராணி என்ன யன்னலே?"

சிரித்தாள். தடித்த கம்பளி எடுத்தோம். உள்ளுக்குக் கன்வஸ். அகலக் கைக்கும் அதே கம்பளிதான். பாவாடைக்குள் வளையம் வைப்பதில்தான் இழுபட்டோம். பிந்தின ராணிமார் வளையம் வைத்தவர்கள் என்று போனில் படம் காட்டினாள். நான் முந்தின மாதிரியிலேயே நின்றேன். வளையம் இல்லை, அடுக்கடுக்காக உள்பாவாடை, நிலத்தில் இழுபடுகிற வால், முதுகில் கயிற்றுக்கட்டு.

"நானாக் கழட்ட ஏலாதேயப்பா."

"மகாராணிமார் தாங்களாக் கழட்டுறேல்லை."

வளையம் வைத்தால் காற்றுப் பிடித்து மிதக்கும். மெல்லிய துணி என்றால் நீந்தி வந்துவிடுவாள், இங்கே பள்ளிக்கூடத்திலேயே நீச்சல் பழக்கிவிடுகிறார்கள். அவளே கரையேறினால், அவன் குதிக்கிறவனா இல்லையா என்று நான் எப்படி அறிவது?

படம் எடுக்கிற அன்று வாலைச் சரிசெய்ய அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். அவன் கரையில். வாலைப் பிடித்துத் தண்ணிப்பக்கமாக ஒரு இழுவை இழுத்தேன், ஏரிக்குள் விழுந்தாள். தவறுதலாக இல்லை.

குதித்தான். சப்பாத்துக்கூடக் கழட்டவில்லை. திரும்பத் திரும்ப உள்ளுக்குப் போனான். கயிற்றைப் பல்லால் கடித்தான் என்று பிறகு சொன்னான். தூக்க ஏலவில்லை. தீயணைப்புக்காரர்தான் எடுத்தார்கள்.

செத்தவீட்டில் அவன் கையைப் பிடித்துச் சொன்னேன்: "தம்பி, பரீட்சையில நீர் பாஸ். இப்ப எனக்கு முழுச் சம்மதம்."

கையை உதறிப்போட்டுப் போய்ப் பொலிசைக் கூட்டிவந்திருக்கிறான். மாமனாருக்குச் செய்கிற மரியாதையா இது? இந்தப் பொடியனை நான் இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கவேணும்.